இருபத்திரண்டாம் நாள்

பனித்துளி எவ்வாறு உருவாகிறது என்று 1814இல் நூலெழுதியவராகவே வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இன்று நினைவுகூரப்படுகிறார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மருத்துவரான அவர், அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் வெளியிட்ட ஒரு கட்டுரையை அறிந்தோர் சிலரே. என் நோக்கில் அதுவே பெரிய காரியம்.

செங்காய்ச்சல் கண்ட குழந்தை தேறிவிடுகிறது. தடிப்புகள் மறைகின்றன, தெருவில் விளையாடவும் தொடங்கிவிடுகிறது. பிறகொரு காலையில் முகம் வீங்கி எழுகிறது; சிறுநீர் குறைந்து, இரத்தம் கலந்து இறங்குகிறது. வெல்ஸ் நாட்களை எண்ணினார். காய்ச்சல் தொடங்கிய 22 அல்லது 23ஆம் நாளையொட்டியே வீக்கம் பெரும்பாலும் தோன்றிற்று. காய்ச்சல் இலேசாக வந்துபோன குழந்தையும் தப்பவில்லை.

வீக்கத்தின் இருப்பிடம் சிறுநீரகமே என்று காட்டியவர் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் (1827). சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், அதிலுள்ள புரதம் முட்டையின் வெண்கரு போல் திரளும். அத்தனை எளிய சோதனை!

ஆயினும், இடைப்பட்ட அந்த அமைதியான நாட்கள் எதற்காக? தொண்டையைத் தாக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் நஞ்சே காரணமெனில் உடனேயன்றோ தாக்கவேண்டும்! விடைக்கான வழி வியன்னாவில், குதிரைச் சீரத்திலிருந்து கிடைத்தது. தொண்டை அடைப்பான் நோய்க்கு அச்சீரம் ஏற்றப்பட்ட குழந்தைகள் சிலருக்கு, ஒருவாரம் பத்துநாள் கழித்தே காய்ச்சலும் தடிப்பும் வீக்கமும் கண்டன. இதனை ஆராய்ந்து 1905இல் நூல் வெளியிட்ட பிர்கேயும் ஷிக்கும், உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கக் கொள்ளும் காலமே அந்த இடைவெளி என உணர்ந்தனர். செங்காய்ச்சலின் பின்விளைவுகளையும் ஷிக் இவ்வாறே விளக்கினார். கிருமிக்கு எதிராக உடல் தொடுத்த போரின் மிச்சம் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்து அழற்சியூட்டுகிறது என்பதே பின்னாளில் தெளிவான உண்மை.

தொண்டை மட்டுமே வாயில் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. 1953இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஒஜிப்வே பழங்குடியினர் வாழும் ரெட் லேக்கில் இந்நோய் கொள்ளையாகப் பரவியபோது, குழந்தைகளிடையே தோற்புண்கள் மிகுந்திருந்தன. தெற்கு டிரினிடாடில் 1960களில் மருத்துவர் பூன்-கிங் கண்டதும் அதுவே. 1971இல் அங்கே சொறிசிரங்கு பரவிற்று. சொறிந்த புண்ணில் கிருமி குடியேறிற்று. சிறுநீரக அழற்சி பின்தொடர்ந்தது. ஏழைக் குழந்தையின் காற்புண்ணை யாரும் நோயாக எண்ணுவதில்லை.

பெரும்பாலான குழந்தைகள் முற்றிலும் குணமடைந்துவிடுகின்றனர் என்பது ஆறுதல். பென்சிலின் கிருமியை ஒழிக்கும். தொடங்கிவிட்ட அழற்சியை நிறுத்தாது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில் இந்நோய் கிளம்பும்போது, பழங்குடிச் சிற்றூர்களுக்குச் செல்லும் செவிலியர் முதலில் பார்ப்பது குழந்தைகளின் முகத்தையும், கைகால்களிலுள்ள புண்களையும்.