அனுமதியும் உரிமையும்: ஒரு கணனிச் சண்டையின் வரலாறு

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறார்கள். தமிழில் இரண்டு சொற்கள் இருப்பதால் எமக்கு இந்தக் குழப்பம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். 1996 இற்கும் 2000 இற்கும் இடையில் இணையத்தில் மூண்ட ஒரு பெரும் சண்டை, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பற்றியதுதான்.

1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோர்வால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், ஐந்து வருடங்களில் நன்றாக வளர்ந்துவிட்டது. எவரும் உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அதைப் பாவிக்கக் கணனியில் தேர்ந்தவராக இருக்கவேண்டும். திரையில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு கோலம். சாதாரண மனிதருக்கு விண்டோஸை விட்டால் பெரிதாக வேறு கதியில்லை.

1996 ஒக்ரோபர் 14 இல், ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் இணையத்தில் ஓர் அழைப்பு விடுத்தார். கடிதம் எழுதவும், இணையம் பார்க்கவும், விளையாடவும் விரும்புகிற ஒருவருக்காக லினக்ஸில் ஒரே சீரான திரையைக் கட்டுவோம் என்றார். அதுதான் கே.டி.ஈ.

கட்டுவதற்கு அவர் தெரிந்தெடுத்த கருவி க்யூ.ரி. நான் வாழும் இதே ஒஸ்லோவில், ட்ரொல்ரெக் என்ற சிறு நிறுவனம் செய்த அருமையான சாமான். கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் காசு கொடுக்கத் தேவையில்லை. மூலநிரலைப் பார்க்கவும் தடையில்லை. ஆனால் அதைத் திருத்தி இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

இங்கேதான் நெருப்புப் பற்றியது. மக்கள் பாவிக்கக்கூடிய ஒன்று இன்றைக்கே தேவை, கொள்கை பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார்கள் கே.டி.ஈ.காரர். நாளை அந்த நிறுவனம் மனம் மாறினால், அல்லது விலைப்பட்டால், கட்டிய வீடு யார் கையில் என்று கேட்டார்கள் றிச்சர்ட் ஸ்ரோல்மனின் பக்கத்தவர்கள்.

தற்காலிகமாக இருக்கலாம் என்று முத்திரை குத்திய தாளை வருடா வருடம் புதுப்பித்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இருந்தும் என் மனம் பாதி எட்ரிச்சின் பக்கம்தான். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு, இரவு பன்னிரண்டு மணிவரை உணவகத்தில் சட்டி கழுவி வருபவனுக்கு முதலில் திரை விளங்கவேண்டும். உரிமப் பத்திரத்தைப் பிறகு வாசிக்கலாம்.

1997 ஓகஸ்டில் மிகுவேல் டி இகாசா, பெதெரிக்கோ மேனா என்ற இரண்டு மெக்சிக்க இளைஞர்கள் க்னோம் என்ற போட்டித் திட்டத்தைத் தொடக்கினார்கள். அவர்கள் எடுத்த கருவியில் எந்த நிறுவனத்தின் பிடியும் இல்லை. 1998 ஜூலையில் கே.டி.ஈ. முதற் பதிப்பு வந்தது. ஒக்ரோபரில் டெபியன் அதைத் தன் லினக்ஸ் தொகுப்பிலிருந்து அகற்றியது. கே.டி.ஈ. வெளியான ஜி.பி.எல். உரிமமும் க்யூ.ரி.யின் உரிமமும் சட்டப்படி ஒன்றோடொன்று பொருந்தாதென்பது காரணம்.

வசைகள் பறந்தன. கன்னை பிரிவதிலும் துரோகிப் பட்டம் சூட்டுவதிலும் எம்மவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இங்கு எதிர்க்கன்னையை எவரும் அழிக்கவில்லை. அது உயிரோடு வளர்ந்தபடியால்தான் ட்ரொல்ரெக் இறங்கிவந்தது. 1998 இல் கே.டி.ஈ.யுடன் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை அமைத்தது. பன்னிரண்டு மாதம் கட்டற்ற பதிப்பு வெளிவராவிட்டால், அந்த அறக்கட்டளை க்யூ.ரி.யை எல்லோருக்கும் திறந்துவிடலாம். 1999 இல் புதிய உரிமம் வந்தது. ஸ்ரோல்மன் போதாது என்றார். 2000 செப்ரெம்பரில் க்யூ.ரி. ஜி.பி.எல். உரிமத்திலேயே வெளியானது. அப்போதும் அவர், பழைய மீறலுக்குக் கே.டி.ஈ.காரர் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். இது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

ஆனால் அவர்கள் பயந்தது நடந்தது. 2008 இல் ட்ரொல்ரெக்கை நொக்கியா வாங்கியது. 2012 இல் நொக்கியா க்யூ.ரி.யை டிஜியா என்ற பின்லாந்து நிறுவனத்துக்கு விற்றது. எழுத்தில் உரிமை இருந்தபடியால் கே.டி.ஈ. வீதிக்கு வரவில்லை. இதற்கிடையில், 2000களின் தொடக்கத்தில், தமிழ்த் தொண்டர்கள் சிலர் கே.டி.ஈ.யையும் க்னோமையும் தமிழாக்கத் தொடங்கினார்கள். திரையின் மூலையில் 'கோப்பு' என்று எழுத அவர்கள் எவரிடமும் விண்ணப்பம் போடவில்லை.