மண்டை வீங்கிய கண்டென்சர்கள்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது கிடக்கிறதா? பழுப்பேறிய வெள்ளைப் பெட்டி, முகத்தில் ஃப்ளாப்பி நுழைக்கிற வாய்... 2003, 2004 வாக்கில் வாங்கியது என்றால் ரொம்ப நல்லது. கீழே இறக்குங்கள். ஆசைப்பட்டு உடனே ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

மதர்போர்டில் பிராசஸர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி, குட்டிக் குட்டி அலுமினிய டப்பாக்கள் காவலுக்கு நிற்பது போல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு அல்லது சிலுவைக் குறி. அந்தத் தலைகள் தட்டையாக இருந்தால் பிழைத்தீர்கள். பூரி மாதிரி உப்பியிருந்தால்? உச்சியில் பழுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தால்?

விசேஷம்தான். ஒருகாலத்தில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சாய்த்த ஒரு கொள்ளைநோயின் எச்சம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. 'கெபாசிட்டர் பிளேக்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கெபாசிட்டர் என்றதும் மிரள வேண்டாம். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலெக்ட்ரீஷியன் வந்து 'கண்டென்சர் போயிடுச்சு சார்' என்பாரே, அந்தக் குலம்தான். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி. வேலை ரொம்ப எளிது. கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், மொட்டை மாடித் தொட்டி இருந்தால் குழாயில் சீராக வருகிறதல்லவா? மின்சாரத்துக்கு அப்படி ஒரு தொட்டி இது.

கம்ப்யூட்டருக்கு எதற்குத் தொட்டி? இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. 2000-ல் பென்டியம் 4 வந்தது. இந்தத் தலைமுறை பிராசஸர்கள் ஒரு விசித்திரமான ஜாதி. வோல்ட்டேஜ் ஒன்றரை வோல்ட் அளவில்தான். ஒரு பென் டார்ச் பேட்டரி! ஆனால் கரன்ட்? நாற்பது ஆம்பியருக்கு மேலேகூடக் குடிக்கும். வீட்டு ஏ.சி. ஏழெட்டு ஆம்பியரோடு அடங்கிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரே சீராகக் குடிக்காது. இந்த நொடியில் ஒரு மடக்கு, அடுத்த நொடியில் ஒரு குடம். அதை ஈடுகட்டத்தான் பக்கத்திலேயே இத்தனை தொட்டிகள்.

தொட்டிக்குள் என்ன இருக்கிறது? அலுமினியத் தகடும் காகிதமும் பாய் மாதிரி சுருட்டி வைக்கப்பட்டு, அதில் எலெக்ட்ரோலைட் என்கிற திரவம் ஊறியிருக்கும். சரக்கின் தரம் பெரும்பாலும் இந்தத் திரவத்தில்தான். 1990-களின் கடைசியில் ஜப்பானியர்கள் ஒரு புதுக் கலவை கண்டுபிடித்தார்கள். அதில் தண்ணீர் எழுபது சதவிகிதம் வரைகூட இருக்கலாம். தண்ணீர் கூடினால் மின்சாரம் சுலபமாக ஓடும், விலையும் குறைவு.

ஒரே ஒரு சிக்கல். அலுமினியத்துக்கும் தண்ணீருக்கும் ஆகாது. சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது நடக்காமல் இருக்கத் தடுப்பு ரசாயனங்களைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். சமையல் ரகசியமே அதுதான்.

அந்த ரகசியம் திருடு போனது என்கிறார்கள்!

2002, 2003-ல் தொழில் பத்திரிகைகளில் வந்த கதை இது. ஜப்பானிய கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த விஞ்ஞானி ஒருவர் சீனாவிலிருந்த கம்பெனிக்கு மாறினார். அங்கே பழைய கலவையை நகலெடுத்தார். அவரிடம் வேலை பார்த்த சிலர் அந்த ஃபார்முலாவைத் தூக்கிக்கொண்டு போய் தைவானில் சரக்குப் போட ஆரம்பித்தார்கள். கொண்டு போனது அரைகுறை. தடுப்பு ரசாயனம் எழுதியிருந்த பக்கம் மட்டும் 'மிஸ்ஸிங்'. மாமியாரின் வத்தக்குழம்பை ஒளிந்து நின்று பார்த்துவிட்டு, புளியை மட்டும் விட்டுவிட்டு வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஆனது.

டப்பாக்கள் ஃபேக்டரியில் டெஸ்ட் செய்தபோது பாஸ். கடையில் பாஸ். வாங்கியவர் வீட்டில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் பாஸ். அதற்குள் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே இருந்தது. ஒருநாள் தலை வீங்கியது. பிறகு, சிலுவைக் குறி போட்ட இடத்தில் கிழிந்து வழிந்தது. வெடிக்காமல் கிழியட்டும் என்றுதான் அந்தக் கீறலே.

தைவானின் அபிட் என்கிற மதர்போர்டு கம்பெனி 2002-லேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பெரும்பாலான மற்றவர்கள் மௌனசாமிகள். ஆப்பிளின் முதல் ஐமேக் ஜி5-ஐயும் நோய் விடவில்லை. கடைசியில் ஆப்பிள், வாரன்டி முடிந்தவற்றுக்கும் சேர்த்து இலவச ரிப்பேர் திட்டம் அறிவித்தது.

இப்போது டெல் கம்பெனி கதைக்கு வாருங்கள். இந்த அத்தியாயத்தை எழுதக் காரணமே அதுதான்.

டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் வகை கம்ப்யூட்டர்கள் உலகம் பூராவும் ஆபீஸ்களில் இருந்தன. அவை கொத்துக் கொத்தாகச் செத்து விழ ஆரம்பித்தன. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையிலும் அதே கதை. டெல் ஆட்கள் வந்து பார்த்தார்கள். என்ன காரணம் சொன்னார்கள் தெரியுமா? 'ரொம்பக் கஷ்டமான கணக்கெல்லாம் போடச் சொல்லி மெஷினைப் படுத்திவிட்டீர்கள்!'

சிரிக்காதீர்கள். கணிதத் துறையைப் பார்த்துச் சொன்னது இது!

2007-ல் ஒரு வாடிக்கையாளர் கம்பெனி வழக்குப் போட்டது. வழக்கின் ஆவணங்கள் 2010-ல் வெளியே வந்தன. நியூயார்க் டைம்ஸ் அதைப் பிரித்துப் போட்டது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் அனுப்பிய கம்ப்யூட்டர்களில் குறைந்தது ஒரு கோடியே 18 லட்சம், இந்தப் பழுது வரக்கூடிய ரகம். மூன்று வருஷத்தில் 97 சதவிகிதம் வரை பிரச்னை தரலாம் என்று ஒரு உள் ஆய்வே சொல்லியிருந்தது. வாடிக்கையாளரிடம் தாமாகப் போய் இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று விற்பனை ஊழியர்களுக்கு அறிவுரை வேறு. ரிப்பேருக்கும் மாற்றித் தருவதற்கும் என்று 2005-ல் டெல் ஒதுக்கிய தொகை சுமார் 30 கோடி டாலர். வேடிக்கையின் உச்சம், இந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய வக்கீல் நிறுவனத்திலேயே ஆயிரம் கம்ப்யூட்டர்கள் இதே ரகம். அவற்றைச் சரிசெய்து தரவும் டெல் தயங்கியதாம்.

ஒரு நிமிஷம். இன்னொரு திருப்பமும் இருக்கிறது. டெல் கம்ப்யூட்டர்களில் வீங்கிய கெபாசிட்டர்கள் தைவான் சரக்கு அல்ல. நிச்சிகான் என்கிற, பேர்பெற்ற ஜப்பான் கம்பெனியின் தயாரிப்பு! அப்படியென்றால் திருட்டு ஃபார்முலா கதை? அது முழுக்க நிரூபிக்கப்பட்டதே இல்லை. உண்மையாகவே இருந்தாலும் பாதி நோயைத்தான் விளக்கும். திருடாதவன் செய்த டப்பாவும் வீங்கியது. 'எங்கேயோ ஒரு திருடன்' என்று முடித்துவிடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

சரி, பரணிலிருந்து இறக்கிய பெட்டிக்கு வருவோம். பிழைக்க வைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், 230-ல் இருக்கிறதா பாருங்கள். அடுத்து எஸ்.எம்.பி.எஸ். பிளக்கை எடுத்துவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 20 பின் (சிலவற்றில் 24) கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் ஒரே ஒரு பச்சை ஒயர் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டு, பிளக்கைச் செருகிக் கரன்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டரில் கறுப்போடு சேர்த்துப் பார்த்தால் சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12, ஆரஞ்சு 3.3 காட்ட வேண்டும். ஐந்து சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம். சில எஸ்.எம்.பி.எஸ்.கள் சும்மா இருந்தால் சரியாகக் காட்டாது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டி வேலை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

இத்தனையும் சரி, ஆனாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகி உடனே அணைகிறதா? நான்கைந்து தடவை அமுக்கினால்தான் எழுந்திருக்கிறதா? நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? மதர்போர்டு கண்டென்சர்கள்மீது முதல் சந்தேகம். வீங்காமலேயே கெட்டுப்போன ஆசாமிகளும் உண்டு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கண்டென்சர் சல்லிசாகக் கிடைக்கும். சென்னைவாசி என்றால் ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டேஜ் அல்லது கொஞ்சம் மேலே, 105 டிகிரி, 'லோ ஈ.எஸ்.ஆர்.' என்று கேட்டு வாங்குங்கள். பக்கவாட்டில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் டமால்! சால்டரிங் பழக்கமில்லை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பு: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். ஆளைக் கொல்ல அது போதும்.

2007 வாக்கில் மதர்போர்டுக்காரர்கள் திரவமே இல்லாத சாலிட் கெபாசிட்டருக்கு மாற ஆரம்பித்தார்கள். பிளேக் அடங்கியது. ஆனால் அந்த ஐந்தாறு வருஷத்தில் எத்தனை பேர் 'நான்தான் தப்பாக ஷட் டவுன் பண்ணிட்டேன் போல', 'பசங்க கேம்ஸ் ஆடியே கெடுத்துட்டாங்க' என்று தன்னையும் பிள்ளைகளையும் நொந்துகொண்டு, புது கம்ப்யூட்டருக்குக் கடன் வாங்கியிருப்பார்கள்?

கணக்குப் போட்டதால் கம்ப்யூட்டர் கெட்டது என்று கணக்கு வாத்தியார்களிடமே சொல்ல முடிந்திருக்கிறது. நாமெல்லாம் எம்மாத்திரம்? அடுத்த முறை யாராவது 'உங்க யூசேஜ்தான் சார் பிராப்ளம்' என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.