கோப்பிலிருந்து பேசும் கடிதங்கள்

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. அலுவலகக் கடிதக் கட்டுகளும் அவற்றிற்கு இளைத்தவை அல்ல. அமெரிக்க அரசு வழக்கறிஞரான மேரி கிரேஸ் குவாக்கன்பாஸ் அம்மையார் வாஷிங்டன் நீதித் துறைக்கு அனுப்பிய அறிக்கைகளும் கடிதங்களும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

நியூயார்க்கில் ஏழை மக்களுக்காக வழக்காடி வந்தவர் இவர். வேலைக்கென்று தெற்கே அழைத்துச் செல்லப்பட்டவர்கள் வீடு திரும்பாததைக் கேள்வியுற்று, 1906இல் ஃபுளோரிடாவுக்குத் தாமே சென்று விசாரித்தார். அதன்பின் அரசின் தனி உதவி வழக்கறிஞராக அமர்த்தப்பட்டார். அப்பதவியேற்ற முதற் பெண்மணி இவரே.

1907ஆம் ஆண்டு கோடையில், ஆர்க்கன்சாவில் மிசிசிப்பி ஆற்றையொட்டிய சன்னிசைடு பருத்தித் தோட்டத்தை ஆராய்ந்தார். அங்கே இத்தாலியக் குடும்பங்கள் பயிரிட்டு வந்தன. கப்பற் செலவும் கடைச் சாமானும் அவர்கள் பெயரில் கடனாக ஏறின. கடனுக்கு வட்டியும் ஏறிற்று. கடன் தீராமல் வெளியேற முயன்றோர் தடுக்கப்பட்டனர் என்பது அம்மையாரின் குற்றச்சாட்டு. முன்பணக் கடன் எவ்வாறு வளரும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. கடனுக்காக ஒருவரைக் கட்டாய வேலையில் வைத்திருப்பதை 1867ஆம் ஆண்டுச் சட்டம் அங்குக் குற்றமாக்கியிருந்தது. குறையாயிருந்தது சட்டமன்று, சான்றே. அதைத்தான் அவர் திரட்டினார்.

தோட்டத்தைக் குத்தகைக்கு நடத்தியவர்களுள் ஒருவரான லிராய் பெர்சி, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு அறிமுகமானவர். அம்மையாரைத் திருப்பி அழைக்குமாறு அவர் தலைவரிடமே முறையிட்டார். வழக்கு கிராண்டு ஜூரியின் முன் வந்தபோது, அவர்கள் குற்றஞ்சாட்ட மறுத்துவிட்டனர்.

வழக்கு தோற்றது. கடிதங்களோ நீதித் துறைக் கோப்பில் தங்கின. அத்துறையின் கடனடிமைக் கோப்புகளைத் துருவி ஆராய்ந்த வரலாற்றாசிரியர் பீட் டேனியல், 1972இல் அம்முறை பற்றிய நூலை வெளியிட்டார்.

ஆயினும், வழக்குத் தொடுப்பவர் எழுதியவற்றை அப்படியே ஏற்பது ஆராய்ச்சியாகாது. பெர்சியின் மறுப்பையும் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். இருவரும் ஒப்புக்கொள்வது யாது, மாறுபடுவது எங்கே என்று பிரித்தறிவதே முறை. கடன் இருந்ததை இரு தரப்பாரும் மறுக்கவில்லை. அக்கடன் காலைக் கட்டிற்றா என்பதே வழக்கு.

கடிதம் எழுதக் கற்பிக்கையில் இடமும் தேதியும் விடாது எழுதுமாறு மாணவரிடம் வற்புறுத்துகிறோம். தேர்வு மதிப்பெண்ணுக்காக என்றே அவர்கள் எண்ணுகின்றனர். அவ்விரு வரிகளே பிற்காலத்தில் ஒரு கடிதத்தைச் சான்றாக்குகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போமாக.