சந்தை நிலவரம் எழுதிய ஏட்டில் சேரி நுழைந்த கதை

பங்குச் சந்தையும் கம்பெனி லாபமும் பணக்காரர்கள் படிக்கிற செய்தி, நமக்கு எதற்கு என்று மாணவத் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 1923-இல் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். பணத்தைப் பற்றிய அறிவை அவர் அடுத்தவர் கையில் விட்டுவிடவில்லை. நாமும் விடக்கூடாது. அதற்காகவே ஒரு வார ஏட்டின் வரலாற்றை இங்கே பேசுகிறோம்.

1949 ஜனவரியில் பம்பாயில் சச்சின் சௌத்ரி 'எகனாமிக் வீக்லி'யைத் தொடங்கினார். செக்சாரியா என்ற வணிகக் குடும்பம் பணம் போட்டது. சந்தை நிலவரத்தோடும் கம்பெனிக் கணக்கோடும் 1951 முதல் கிராம ஆய்வுகளும் வந்தன. மைசூர் கிராமம் பற்றி எம்.என். சீனிவாசும், 1952-இல் தஞ்சாவூர் கிராமம் பற்றி கேத்லீன் கௌவும் எழுதினார்கள். விலைவாசி படிக்க வந்த வாசகர், யாருக்கு நிலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் படிக்க வேண்டியதாயிற்று.

உரிமையாளர்களோடு முரண்பாடு வந்தது. 1965 முடிவில் ஏடு நின்றது. ஆதரவாளர்கள் நிதி திரட்டி, சமீக்ஷா டிரஸ்ட் என்ற அறக்கட்டளையை அமைத்தார்கள். 1966 ஆகஸ்டில் ஏடு 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யாக மீண்டும் வந்தது. 'அரசியல்' என்ற சொல் பெயரிலேயே ஏறியது. முதலாளி கைவிட்டாலும் ஏட்டை நடத்த முடியும் என்பது அதில் நமக்கான பாடம். 1969 முதல் 2004 வரை கிருஷ்ணராஜ் ஆசிரியராக இருந்தார்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்கள் அவை. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அதே ஆண்டு இந்த ஏட்டில் 'கீழ்வெண்மணியின் கனவான் கொலையாளிகள்' என்ற பொருளில் தலைப்பிட்ட கட்டுரை வந்தது.

ஆனால் சேரியைப் பற்றி எழுதுவது வேறு, சேரி எழுதுவது வேறு. 2002-இல் கோபால் குரு அதே ஏட்டிலேயே அந்தக் கேள்வியைக் கேட்டார்: இந்தியச் சமூக அறிவியலில் சமத்துவம் எங்கே? தரவு திரட்டுவது ஒருவர், கோட்பாடு எழுதுவது இன்னொருவர் என்ற பிரிவினையிலும் சாதி இருக்கிறது என்றார். ஏடு முழுக்க ஆங்கிலம் என்பதையும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். முத்துக்குளிப்புக் காலத்துப் பதிவேடுகளில் சிப்பி எண்ணிக்கையும் ஏலத் தொகையும் இருக்கின்றன. மூச்சடக்கி மூழ்கியவர்களின் பெயர்களைத் தேடத்தான் வேண்டும். 1908-இல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1974-இல் துறைமுகம் பெருந்துறைமுகமானது. இன்றும் வணிகச் செய்தியில் எத்தனை டன் சரக்கு என்று வருகிறது. அதைச் சுமந்தது யார், ஒப்பந்தக் கூலி எவ்வளவு, உப்பளத்தில் கால் வெடிக்க நிற்பவர் எந்தத் தெரு என்பது வருவதில்லை.

தோழர்களே, அந்த டன் கணக்கை முதலில் படிக்கப் பழகுங்கள். பிறகு அதன் பக்கத்தில் கூலிக் கணக்கை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.