பாரம் தூக்கும் இன்பம்

கோவையை அடுத்த மதுக்கரையில் 1934-ஆம் ஆண்டில் சிமெண்டு ஆலை எழுந்து, சுண்ணாம்புக் கல்லை உடைக்கவும் அரைக்கவும் யந்திரங்கள் வந்துவிட்ட காலத்திலும், சுற்று வட்டார வீடுகளுக்குள் கல்லோடு மல்லாடும் வேலை பெண்களின் கைகளையே நம்பியிருந்தது. கம்பை உரலில் இட்டுக் குற்றுவதும், திரிகையில் ராகி திரிப்பதும், ஆட்டுக்கல்லில் குழவியைச் சுழற்றுவதும், கிணற்றில் நீர் சேந்துவதும் அவர்களுடைய நித்திய கர்மங்கள். அவற்றால் சரீரம் வலுப்பெற்றது என்று இன்று நாம் சிலாகிக்கிறோமேயன்றி, கோழி கூவுமுன் எழுந்து பாடுபட்டவர்களுக்கு அது ஆனந்தமாக இருந்ததென்று சொல்வதற்கில்லை; விலக இயலாத பாரத்தில் இன்பம் ஏது?

கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955-இல் மின்சாரக் கிரைண்டரை அறிமுகப்படுத்தியபின், ஊத்துக்குளிக் கல் பொருத்திய அந்த யந்திரம் வீடுதோறும் புகுந்தது. 2011-இல் தமிழக அரசாங்கமே அதை விலையின்றி வழங்கத் தொடங்கியது. கைகள் ஓய்ந்தன. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இப்பழியைக் கிரைண்டர்மீது மட்டும் சுமத்துவது நியாயமன்று. உணவும் உட்கார்ந்த உத்தியோகமும் இதில் பங்காளிகளே.

இவ்வாறு உடல் பருத்த பெண்ணுக்கு நாம் வழக்கமாகக் கூறும் உபதேசம், நட அல்லது ஓடு என்பதே. ஓட்டத்தில் தன் உடலே தனக்குச் சுமையாகி, மூச்சும் முழங்காலும் அவளைத் தண்டிக்கின்றன. பளு தூக்குவதிலோ நிலைமை தலைகீழ்: பருத்த உடலைத் தினமும் சுமந்து பழகிய கால்களில் பலம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால், மெலிந்தவள் திணறும் கனத்தை இவள் முதல் நாளிலேயே அசைத்துவிடக் கூடும். உடல் எடை குறைய மாதங்கள் ஆகலாம். தூக்கும் எடையோ சில வாரங்களிலேயே ஏறுகிறது.

பெண்களும் பளு தூக்கலாம் என்பதை உலகம் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. பெண்களுக்கான உலகப் பளுதூக்கும் போட்டி 1987-இல்தான் பிறந்தது. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வாசல் திறந்த 2000-ஆம் ஆண்டில், சிட்னியில் நம் நாட்டு வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். 75 கிலோவுக்கு மேற்பட்ட உடல் எடை உடையோருக்கென்றே அமைந்த பிரிவில், சீனத்து டிங் மெய்யுவான் 300 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார். மதுக்கரைக்கு அருகே குனியமுத்தூரில் 2024-இல் நடந்த போட்டியில், 82 வயதான பொள்ளாச்சி மூதாட்டி ஒருவர் 50 கிலோவைத் தரையினின்று உயர்த்தினார்.

குழவிக்கும் இரும்புக்கும் கனம் ஒன்றே. முன்னது கடமையாய் வந்தது, பின்னது விருப்பத்தால் வருகிறது. ஆகையால் பருத்த பெண்ணைப் பயிற்சிக்கு அழைப்போர், எவ்வளவு இளைத்தாய் என்னும் கேள்வியை விடுத்து, எவ்வளவு தூக்கினாய் என்று கேட்பார்களாயின், அவள் மறுநாளும் வருவாள்.