கட்டுமானத் தொழில்: வேலைப் பிரிவும் ஆள் குணமும்

தமிழ்நாட்டுக் கட்டட வேலை மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், சைட் இன்ஜினியர் எனப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வேலையும் வேறு குணத்தைக் கேட்கிறது. ஆனாலும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாக உதவும் குணம் பொறுப்புணர்வே என்று ஆய்வாளர்கள் பாரிக், மவுண்ட் ஆகியோரின் 1991ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

கொத்தனாருக்குப் பொறுமை வேண்டும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்து வரிக்கு வரி சரிபார்க்காதவர் கட்டிய சுவர் பூச்சில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் கலவை தடிப்பாக ஏறும்.

மேஸ்திரி ஆள் சேர்த்து, கூலி பிரித்து, வீட்டுக்காரரையும் சமாளிப்பவர். அவர் குணம் தெரிவது தளம் போடும் நாளில்தான். சாதாரண சிமென்ட்டின் தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தரவிதி. அதிக அவகாசம் இல்லை. நடுவில் மிக்சர் நின்றுபோனால், கத்துகிற மேஸ்திரியைவிட, கொட்டிய கலவையின் ஓரத்தை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறவரே தேவை.

சைட் இன்ஜினியருக்கு 'முடியாது' என்று சொல்லும் திடம் வேண்டும். தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. அதற்கு முன்பே அடுத்த வேலைக்கு முட்டு கேட்டு ஒப்பந்ததாரர் நெருக்குவது வழக்கம்.

சித்தாள்களில் பெண்களே மிகுதி. அவர்களில் கொத்தனார் ஆனவர்கள் மிகக் குறைவு. இதற்குக் குணத்தைக் காரணம் சொல்வது பொருந்தாது. கரண்டியைக் கையில் கொடுப்பதில்லை என்பதே காரணம்.