நொக்ஸ் சுமந்த மூட்டை

மலையேறப் புறப்படுவோர் மறந்துவிடும் பொருள்கள் பெரும்பாலும் சிறியவையே. குடிக்க நீர், தீப்பெட்டி, கைவிளக்கு, மழைக்கு ஒரு மறைப்பு ஆகியவற்றின் அருமை வீட்டில் இருக்கும்வரை புலப்படுவதில்லை. ஹந்தானைச் சரிவில் மூடுபனி கவிந்த பின்னரே புலப்படும். கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வழியில் கெலிஓயா இருக்கிறது. அதன் அயலில், உடுநுவரைப் பகுதியில், எலதெத்த என்றொரு சிற்றூர் உண்டு. எதையும் மறவாமல் மூட்டை கட்டிய ஒருவர் 1679ஆம் ஆண்டிலே அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கினார்.

அவர் பெயர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று செப்பனிடுதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தபோது, 1660ஆம் ஆண்டில், தம் தந்தையாருடன் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் அவர் சிறைப்பட்டார். சிறை எனினும் விலங்கு இல்லை. ஊர்களிலே வாழலாம், நாட்டைவிட்டு நீங்கலாகாது. தந்தையார் அடுத்த ஆண்டே காய்ச்சலால் இறந்தார். நொக்ஸ் குல்லாய் பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைத்து, எலதெத்தவில் நிலம் வாங்கிக் குடியிருந்தார்.

தப்பிச் செல்லும் எண்ணம் மட்டும் அவரை விட்டகலவில்லை. தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் சிறு வணிகராக வடதிசை ஊர்களுக்குச் சென்று வரலானார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்கள் ஆகியவற்றை இருவரும் சுமந்து விற்றனர். விற்பனை வெளித்தோற்றம், வழி அறிவதே உள்நோக்கம். வடபுலத்தில் மழை பொய்த்து நீர் கிடையாமையால் வெறுங்கையராய்த் திரும்பியதும் உண்டு. ஆண்டுகள் பல இவ்வாறு கழிந்தன. ஆனால் அப்பயணங்கள் வீண்போகவில்லை. காட்டிலே எது இன்றியமையாதது, எது வெறுஞ்சுமை என்பதை அவர்களுக்குக் கற்பித்தவை அவையே.

1679 செப்டெம்பர் 22ஆம் நாள் புறப்பட்ட இருவரும் அநுராதபுரத்தை அடைந்து, அங்கே உணவு சேர்த்தனர். ஒக்டோபர் 12ஆம் நாள் இரவில் காட்டுக்குள் நுழைந்தபோது அவர்களிடம் இருந்த பொருள்களை, 1681இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் நொக்ஸ் ஒவ்வொன்றாக எழுதியுள்ளார். பத்து நாளுக்குப் போதிய அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு. சமைக்க ஒரு பாத்திரம். நீர் முகக்க இரண்டு சுரைக்குடுக்கை. கருப்பட்டி, புகையிலை, வெற்றிலை. கூடாரமாக விரிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. அவ்வோலை விசிறிபோல் மடங்கும். விரித்தால் பலரை மழையினின்றும் காக்கும். ஒவ்வொருவர் கையிலும் நீண்ட கோலிற் கட்டிய சிறு கோடரி. இடையில் ஒரு கத்தி.

இவற்றுள் இரண்டு பொருள்கள் நம் கருத்தைக் கவருவன. ஒன்று, சக்கிமுக்கிப் பெட்டி. ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் என்று, இரண்டு மூன்றாக எடுத்துச் சென்றனர். மற்றொன்று, மான்தோல். முள் தைக்காதவாறு பாதுகை செய்துகொள்வதற்காக அதைச் சுமந்தனர். கடவுளுக்கு அடுத்தபடியாக அவர்கள் நம்பியது தம் கால்களையே!

மல்வத்து ஓயாவின் கரையோரமாக அவர்கள் நடந்தனர். முட்புதர் உடையைக் கிழித்தது. தோளும் கையும் புண்பட்டன. வழியிலே யானையும் கரடியும் உலாவின. ஆயினும் ஒக்டோபர் 18ஆம் நாள் மாலையில் மன்னார்ப் பகுதியின் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுச் சிறைவாழ்வு அன்றோடு முடிந்தது.

நொக்ஸ் மறவாமைக்குக் காரணம் அவரது நினைவாற்றல் அன்று. அவர் மூட்டையிலிருந்த ஒவ்வொரு பொருளும் முன்னொரு நாள் பட்ட துன்பத்தின் விடையாகும். நீரின்றித் திரும்பியவர் குடுக்கையை மறப்பதெங்ஙனம்? புறப்படுமுன் சென்ற பயணத்தில் எது குறைந்தது என்று தம்மைக் கேட்டுக்கொள்பவர், வழியிலே கைபிசைந்து நிற்க நேராது.